டக்கோமா வெயிலர்ஸ் குழுவும் அமெரிக்க வடமேற்கின் றொக் இசை மரபும் – ஒரு நோக்கு

கலைகளின் வரலாறு பெரும்பாலும் தலைநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசவையோ, பெருவணிகமோ, பதிப்பகமோ எங்கு நிலைகொண்டிருந்ததோ அங்கேயே கலை பிறந்ததாகவும், ஏனைய இடங்கள் அதனைப் பெற்றுக்கொண்டதாகவும் கருதுவது ஆராய்ச்சியாளரிடையே கூட வேரூன்றிப்போன வழக்கமாகும். இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கம் இன்னும் வலுவானது. அமெரிக்க றொக் இசையின் வரலாற்றை நோக்கின் மெம்பிஸ், நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ், டெற்றொயிற் ஆகிய நகரங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. 1964க்குப் பின்னர் லிவர்பூலும் இலண்டனும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா என்னும் துறைமுகப் பட்டினம் அவற்றிடையே அரிதாகவே இடம்பெறுகின்றது. ஆயினும் பிற்காலத்தார் 'கராஜ் றொக்' எனப் பெயரிட்ட இசைவகையின் தோற்றத்தை ஆராய முற்படும் எவரும் இப்பட்டினத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1958இல் அங்கு பெரும்பாலும் உயர்பாடசாலை மாணவரான இளைஞர் சிலர் அமைத்த வெயிலர்ஸ் என்னும் குழுவே அதற்குக் காரணமாகும்.

இக்குழுவைப் பொப் மார்லியின் யமேய்க்கக் குழுவுடன் மயங்கக்கூடாது. மார்லியின் வெயிலர்ஸ் 1963இல் தோன்றியது. இரண்டுக்குமிடையே பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பு எதுவுமில்லை. 'கராஜ்' என்னும் சொல்லும் சிறு விளக்கத்தை வேண்டி நிற்கின்றது. வீட்டின் மோட்டார் வண்டிக் கொட்டிலிற் கூடிப் பயின்ற, முறையான இசைப் பயிற்சி குறைந்த, குறைந்த செலவில் இசைத்தட்டு வெளியிட்ட இளைஞர் குழுக்களைப் பின்வந்த விமர்சகர் இப்பெயரால் அழைத்தனர். அக்குழுக்கள் இயங்கிய காலத்தில் அவற்றுக்கு இப்பெயர் இருக்கவில்லை. லெனி கேய் என்பவர் 1972இல் தொகுத்த 'நகெற்ஸ்' என்னும் இசைத்தட்டுத் தொகுதி, அத்தகைய குழுக்களின் மறக்கப்பட்ட பாடல்களை ஒருசேர முன்வைத்ததன் பின்னரே இவ்வகை இசை தனியொரு மரபாக நோக்கப்படலாயிற்று. மரபுகள் பலவும் முடிந்த பின்னரே பெயர் பெறுகின்றன என்பது இலக்கிய மாணவர் அறியாததன்று.

டக்கோமாவின் சமூக அடித்தளத்தை முதற்கண் நோக்குதல் தகும். 1960ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களே வாழ்ந்தனர். மரம் அரியும் ஆலைகளும், காகிதக்கூழ் ஆலைகளும், செப்பு உருக்காலையும் கொண்ட தொழிலாளர் நகரம் அது; அதன் காற்றில் வீசிய ஆலை நாற்றத்தையே வைத்து அயலூரார் அந்நகரை எள்ளி நகையாடுவதுண்டு. வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள சியாற்றில் நகரின் செல்வாக்கும் பண்பாட்டுப் பெருமையும் அதற்கு இருந்ததில்லை. அதேவேளை, லூயிஸ் கோட்டை என்னும் பெரிய இராணுவ முகாமும் மக்கோட் விமானப்படைத் தளமும் நகரின் அருகே அமைந்திருந்தன. நாட்டின் தென்பகுதிகளிலிருந்து அங்கு வந்த படையினருட் கறுப்பின மக்கள் பலர் இருந்தனர். அவர்கள் விரும்பிய 'றிதம் அன்ட் புளூஸ்' இசையும் அவர்களோடு வந்து சேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்யும் அப்பிரதேசத்தில் இளைஞரின் பொழுதுபோக்கு மண்டபங்களுக்குள்ளேயே அமைய வேண்டியிருந்தது. இராணுவப் பயிற்சி மண்டபங்களும், சறுக்குச் சில்லுக் கூடங்களும், சனசமூக மண்டபங்களும் வார இறுதிகளில் நடன அரங்குகளாயின. நடனத்துக்கு வாசிப்பதே அப்பகுதிக் குழுக்களின் பிரதான தொழில். இசைத்தட்டு பின்னர் வந்தது. வடமேற்கு இசையின் இயல்புகளுட் பலவற்றுக்கு இவ்வொரு செய்தியே விளக்கமாகும். ஆடுவோரின் கால்களைத் தளரவிடாத கனத்த தாளமும், பெரிய மண்டபத்தின் கடைக்கோடி வரை எட்டும் சக்ஸபோன், ஓகன் முழக்கமும், பாடலினும் வாசிப்புக்கு முதன்மையளிக்கும் போக்கும் நடன மண்டபத்தின் தேவையிலிருந்தே தோன்றின.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. வெயிலர்ஸ் குழுவினரை 'வடமேற்கு இசையின் தந்தையர்' எனப் புகழ்ந்து எழுதுவோர் சிலர், அவ்விசை வெள்ளை இளைஞரின் வீட்டுக் கொட்டில்களிலேயே முளைத்தது போன்றதொரு தோற்றத்தை உண்டாக்கிவிடுகின்றனர். அது பொருந்தாக் கூற்று. சியாற்றில் நகரின் ஜாக்சன் வீதியில் இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டு வளமானதொரு கறுப்பின இசை வாழ்வு நிலவியது. றே சாள்ஸ் 1948இல் அந்நகருக்கு வந்து தம் தொழில் வாழ்வின் தொடக்கத்தை அங்கேயே அமைத்துக்கொண்டார். குவின்சி ஜோன்ஸ் அந்நகரின் உயர்பாடசாலையிற் பயின்றவர். 1950களின் பிற்பகுதியில் டேவ் லூயிஸ் என்னும் கறுப்பினக் கலைஞரின் குழு, பேட்லாண்ட் என்னும் கூடத்தில் வாசித்த இசையைக் கேட்கவென்றே வெள்ளை இளைஞர் அங்கு சென்று வந்தனர். அக்கால இசைக்கலைஞர் தொழிற்சங்கம் சியாற்றில் நகரில் நிறவேறுபாட்டின் அடிப்படையில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நகரின் வசதியான அரங்குகள் வெள்ளையர் சங்கத்தின் ஆதிக்கத்திலிருந்தன. 1958இலேயே இவ்விரு சங்கங்களும் ஒன்றாயின. வெயிலர்ஸ் தோன்றியதும் அதே ஆண்டே என்பது தற்செயலான ஒற்றுமையாயினும் சிந்திக்கத்தக்கது. கறுப்பினத்தார் ஆக்கிய இசையை வெள்ளை இளைஞர் ஏற்று, அதற்குக் கிடைக்காதிருந்த மேடைகளுக்கு அதனை எடுத்துச் சென்றனர் என்பதே வரலாற்றுக்கு ஒத்த விளக்கமாகும். ஏற்றவர்கள் அதனை உண்மையான ஈடுபாட்டுடன் ஏற்றனர் என்பதும், அதனாற் கிடைத்த பயன் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதும் ஒருங்கே மெய்யானவை.

குழுவின் முதலமைப்பில் ஜோன் கிறீக், றிச் டேஞ்சல் ஆகியோர் கிற்றாரும், கென்ற் மொறில் பியானோவும், மார்க் மறுஷ் சக்ஸபோனும், மைக் பேர்க் தாள வாத்தியமும் வாசித்தனர். நியூயோர்க் மாநிலத்தின் கோல்டன் கிறெஸ்ற் என்னும் சிறு நிறுவனத்தின் உரிமையாளர் கிளார்க் கேல்ஹவுஸ் வடமேற்குக்கு வந்தபோது இவர்களின் வாசிப்பைக் கேட்டு, 1959இன் தொடக்கத்தில் டக்கோமாவின் அருகிலுள்ள லேக்வுட் என்னும் இடத்துச் சனசமூக மண்டபமொன்றிலேயே ஒலிப்பதிவை நடத்தினார். குழுவினர் தம் வாத்திய ஆக்கமொன்றுக்கு மதுபானமொன்றின் பெயரை இட்டிருந்தனர். இளைஞரிடம் விற்கப்படவிருந்த இசைத்தட்டுக்கு அது பொருந்தாதெனக் கண்ட கேல்ஹவுஸ், 'டோல் கூல் வன்' எனப் பெயரை மாற்றினார். அவ்விசைத்தட்டு 1959இல் 'பில்போட்' சஞ்சிகையின் நாடளாவிய விற்பனைப் பட்டியலில் 36ஆம் இடத்தை எய்தியது. குழுவினர் கிழக்குக் கரைக்குப் பயணமாகி, டிக் கிளார்க்கின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் தோன்றினர்.

இவ்விடத்திலேதான் குழுவின் வரலாறு திருப்பம் கொள்கின்றது. அவர்கள் நியூயோர்க்கிலேயே தங்கித் தொழில் செய்யவேண்டுமென நிறுவனம் விரும்பியது. அவர்களோ வீடு திரும்பினர். நிறுவனத்தின் ஆதரவும் அத்துடன் தளர்ந்தது. வணிக நோக்கில் இதனைப் பெரும் பிழையென்றே கணிப்பர். நாடளாவிய புகழின் வாயிலில் நின்றவர்கள் பின்வாங்கிச் சென்றனர் என்பதில் ஐயமில்லை. அப்புகழ் அவர்களுக்கு மீண்டும் முழுமையாகக் கிட்டவுமில்லை. ஆயின் அவர்கள் நியூயோர்க்கில் தங்கியிருப்பின் நிகழ்ந்திருக்கக்கூடியதை ஊகித்தல் கடினமன்று. 1959, 1960ஆம் ஆண்டுகளில் வாத்திய இசைத்தட்டொன்றால் ஒரு பருவம் புகழ்பெற்று மறைந்த குழுக்கள் எண்ணில. வெயிலர்ஸ் அவற்றுள் ஒன்றாகியிருக்கும். பிரதேசத்துக்கு மீண்டமையாலேயே அவர்கள் ஒரு மரபின் தொடக்கமாயினர். மீண்ட காரணம் கொள்கையன்று. பாடசாலையும், குடும்பமும், ஊர்ப்பற்றுமே காரணங்கள். வரலாற்றில் விளைவுகள் எப்போதும் நோக்கங்களின் அளவாக அமைவதில்லை.

திரும்பிய பின்னர் ஜோன் கிறீக் விலக, புளூநோட்ஸ் என்னும் மற்றொரு டக்கோமாக் குழுவிலிருந்து பக் ஓம்ஸ்பி பேஸ் கிற்றார் வாசிப்பவராக வந்து சேர்ந்தார். அதே குழுவிலிருந்து வந்தவர் 'றொக்கின்' றொபின்' றொபேட்ஸ் என்னும் பாடகர். இவ்விருவரும் கென்ற் மொறிலும் இணைந்து எற்றிக்கெற் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தாமே நிறுவினர். இருபது வயதையொட்டிய இசைக்கலைஞர் தம் ஆக்கங்களின் உற்பத்திச் சாதனத்தைத் தம் கையில் வைத்துக்கொள்வது அக்காலத்தில் மிகவும் அரிது. நிறுவனங்கள் கலைஞரைத் தெரிந்து, பாடலைத் தெரிந்து, பெயரையும் மாற்றி வெளியிட்ட காலம் அது. 'டோல் கூல் வன்' அனுபவமே அதற்குச் சான்று. இப்போது தெரிவு செய்யும் உரிமை வாசிப்போரிடமே வந்தது. அவர்களே மண்டபங்களை வாடகைக்கு எடுத்து நடனங்களை நடத்தினர். அங்கு சேர்ந்த பணம் ஒலிப்பதிவுக்குச் சென்றது. இசைத்தட்டு சியாற்றிலின் கே.ஜே.ஆர். வானொலியில் ஒலித்தது, வானொலி கேட்டோர் மீண்டும் நடனத்துக்கு வந்தனர். அவ்வானொலியின் அறிவிப்பாளர் பற் ஓடேயும் நடனங்களை ஒழுங்குசெய்பவராயிருந்தமை இச்சுழற்சியை விரைவுபடுத்தியது. நியூயோர்க்கின் தயவின்றியே ஒரு பிரதேசம் தன் இசையைத் தானே ஆக்கி, தானே விற்று, தானே நுகரலாம் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. இக்குழுவின் செல்வாக்கை ஆராய்வோர் அவர்களின் இசைப்பாணியை மட்டுமே நோக்குவது போதாது. இப்பொருளாதார ஒழுங்கமைப்பே அவர்கள் விட்டுச்சென்ற பெருங்கொடை எனலாம்.

எற்றிக்கெற் நிறுவனத்தின் முதல் வெளியீடு 1961இல் றொபேட்ஸின் பெயரில் வந்த 'லூயி லூயி' ஆகும். இப்பாடலின் வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கு வேண்டிய அளவே கூறப்படும். லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த றிச்சாட் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர் இதனை ஆக்கி 1957இல் வெளியிட்டார். றெனே தூசே என்னும் கியூப இசைக்கலைஞர் வாசித்துவந்த நடன இசையொன்றின் தாளக்கட்டே அதற்கு வித்தாக அமைந்தது. யமேய்க்காவிலுள்ள தன் காதலியை நினைந்து மதுக்கடைக்காரனிடம் மாலுமி ஒருவன் முறையிடுவதாக அமைந்த, மெல்ல அசைந்து செல்லும் பாடல் அது. மேற்குக் கரையில் ஓரளவு விற்பனையாகி மறைந்தது. அதன் உரிமையைப் பெரி 750 டொலருக்கு விற்றுவிட்டார். வடமேற்கின் நடன மண்டபங்களில் மட்டும் அது மறையவில்லை. டேவ் லூயிஸ் உட்பட அப்பகுதிக் கலைஞர் பலர் அதனை வாசித்து வந்தனர் என்பர். வெயிலர்ஸ் அதனை எடுத்தபோது மாலுமியின் ஏக்கம் பின்தள்ளப்பட்டு, பாடலைத் தாங்கி நின்ற தாளக்கட்டே முழக்கமாக முன்வந்தது. றொபேட்ஸின் குரல் கெஞ்சவில்லை, கூவியது. டேஞ்சலின் கிற்றார் நடுவே கூர்மையாக நுழைந்தது. இப்பதிவு வடமேற்கில் பெருவெற்றி பெற்றது. லொஸ் ஏஞ்சல்ஸின் இம்பீரியல் நிறுவனம் அதனை நாடெங்கும் வெளியிட்டும் பிற இடங்களில் அது எடுபடவில்லை.

இரு ஆண்டுகளின் பின் 1963 ஏப்ரலில் ஓறிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் கிங்ஸ்மென் என்னும் குழு அப்பாடலை மிகக் குறைந்த செலவிற் பதிவு செய்தது. சில நாட்களுக்குள்ளேயே அதே கூடத்தில் போல் றெவியரின் றெய்டர்ஸ் குழுவும் அதனைப் பதிவு செய்தது. கிங்ஸ்மென் குழுவின் பதிவு 'பில்போட்' பட்டியலில் 2ஆம் இடத்தை எய்தி உலகப் புகழ் பெற்றது. இன்று 'லூயி லூயி' என்றவுடன் பலரும் நினைப்பது அப்பதிவையே. கராஜ் றொக்கின் மூலபாடம் எனவும் அதனையே குறிப்பிடுவர்.

ஆயின் கிங்ஸ்மென் எதனைக் கேட்டுப் பாடினர்? ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் கையாண்ட முறை இவ்வினாவுக்கு விடை காண உதவும். இரு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே இடைச்செருகலைக் கொண்டிருப்பின், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது அல்லது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தன எனப் பதிப்பாசிரியர் கொள்வர். றொபேட்ஸ் தம் பதிவில் கிற்றாரின் தனிவாசிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர், பெரியின் மூலத்தில் இல்லாத ஒரு கூவலைத் தாமாகவே சேர்த்திருந்தார். கிங்ஸ்மென் பாடகர் ஜாக் ஈலியும் அதே இடத்தில் அதனையொத்த கூவலை எழுப்புகின்றார். பெரியின் இசைத்தட்டைக் கேட்டு மட்டும் பாடிய ஒருவர் இதனை அறிந்திருக்க முடியாது. இசைத்தட்டுப் பெட்டியொன்றில் றொபேட்ஸின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டே அக்குழு பாடலைக் கற்றது என அவர்களே கூறியுள்ளனர். அகச்சான்றும் அதனை உறுதிப்படுத்துகின்றது. தாள அமைப்பை ஈலி நினைவிலிருந்து கற்பித்தபோது அது சற்று மாறிவிட்டது என்றும் கூறுவர். அம்மாற்றமே கிங்ஸ்மென் பதிவின் தனித்தன்மையாயிற்று. தனிவாசிப்பின் பின் ஈலி ஓரடி முந்தித் தொடங்கித் தடுமாறும் பிழை கூட இன்றுவரை பாடமாகவே போற்றப்படுகின்றது. படியெடுத்தோன் பிழையே மூலமாகிவிடும் விந்தையைச் சுவடியியல் மாணவர் நன்கறிவர்.

ஈலியின் உச்சரிப்புத் தெளிவற்றிருந்தமையால் பாடலில் ஆபாசம் மறைந்திருப்பதாக வதந்தி பரவியது. 1964இல் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அதனை விசாரிக்கத் தொடங்கி, எவ்வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்னும் முடிவுக்கு வந்தது. றொபேட்ஸின் பதிவில் சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன என்பது இவ்வேடிக்கைக்கு ஓர் அடிக்குறிப்பு.

மேற்கூறிய சுழற்சியின் நடுவே நின்ற மண்டபம் ஸ்பானிஷ் காஸில் ஆகும். சியாற்றிலுக்கும் டக்கோமாவுக்கும் இடையே நெடுஞ்சாலையோரத்தில், நகரச் சட்டங்களின் கெடுபிடி எட்டாத இடத்தில், 1930களின் தொடக்கத்தில் அது கட்டப்பட்டது. அங்கு வெயிலர்ஸ் நடத்திய நிகழ்ச்சியொன்று ஒலிப்பதிவாகி 1962இல் நெடுந்தட்டாக வெளிவந்தது. கெய்ல் ஹறிஸ் என்னும் பதின்பருவத்துச் சிறுமி அதில் முதிர்ந்த பாடகியரின் வீறோடு பாடியுள்ளார். கூட்டத்தின் ஆரவாரமும், மண்டபத்தின் எதிரொலியும், சிறு பிழைகளும் நீக்கப்படாமலே பதிவாகியுள்ளன. அப்பகுதி இளைஞர் குழுக்களுக்கு இந்நெடுந்தட்டுப் பாடநூலாயிற்று. ஜிமி ஹென்ட்றிக்ஸ் சியாற்றிலிற் பிறந்தவர். 1961இல் இராணுவத்திற் சேரும் முன்னர் ஸ்பானிஷ் காஸிலுக்கு வந்துபோனவர். மேடையில் வாசிப்போரின் ஒலிபெருக்கி பழுதாகும் வேளையில் தம்முடையதைக் கொடுத்து உடன் வாசிக்கும் வாய்ப்பைப் பெறக் காத்திருப்பார் எனச் சொல்லப்படும் கதை எவ்வளவு உண்மையோ, 1967இல் அவர் வெளியிட்ட பாடலொன்றுக்கு அம்மண்டபத்தின் பெயரையே சூட்டினார் என்பது மறுக்கவியலாதது.

நேர்ச் செல்வாக்கின் மிகத் தெளிவான சான்று டக்கோமாவின் சொனிக்ஸ் குழுவாகும். ஓம்ஸ்பி இவர்களை எற்றிக்கெற் நிறுவனத்துக்கு அழைத்து வந்து, 1964இல் 'த விச்' என்னும் இசைத்தட்டையும் 1965இல் முதல் நெடுந்தட்டையும் வெளியிட்டார். அந்நெடுந்தட்டில் வெயிலர்ஸ் 1959இல் பதிவு செய்த 'டேட்டி றொபர்' இடம்பெறுகின்றது. இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்போர் ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தைச் செவியாலேயே அளந்துகொள்ளலாம். மொறிலின் குரலில் குறும்பு இருக்கின்றது. ஜெறி றொஸ்லியின் குரலில் வெறி இருக்கின்றது. பொறியியலாளர் கேர்னி பாட்டனின் கூடத்தில், கருவிகளின் தாங்கும் எல்லையைக் கடந்து ஒலி உடைந்து சிதறுமளவுக்கு அவர்கள் வாசித்தனர். பெருநிறுவனமொன்று இதனைப் பழுதென ஒதுக்கியிருக்கும். ஓம்ஸ்பி ஒதுக்கவில்லை. கலைஞரே உரிமையாளராயிருந்த நிறுவனத்தில் மட்டுமே இத்தகைய துணிவு இயல்வதாயிற்று. ஒரு தலைமுறைக்குப் பின்னர் அதே மாநிலத்திலிருந்து தோன்றிய நிர்வாணா குழுவின் கேட் கோபேய்ன், சொனிக்ஸ் இசைத்தட்டுகளின் மேள ஒலியை வியந்து போற்றியுள்ளார். ஆயின் நிர்வாணா வரை நேர்கோடு வரைந்து 'எல்லாம் டக்கோமாவிலிருந்தே வந்தது' என நிறுவ முயல்வோரின் ஆர்வம் அளவுகடந்தது. இடையில் வேறு பல ஊற்றுகளும் கலந்தன.

ஒரு குறையையும் இங்கு கூறாமல் விடுதல் நேர்மையன்று. வெயிலர்ஸ் குழுவின் பிற்காலப் பதிவுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. 1964இல் ஆங்கிலேயக் குழுக்களின் அலை எழுந்தபோது சக்ஸபோனும் ஓகனும் பழையனவாயின. அவ்வாண்டு 'டோல் கூல் வன்' மறுபடி வெளியாகி 38ஆம் இடத்தை எய்தியமை, புதியதன் வெற்றியன்று, பழையதன் நினைவே. 1965இல் வந்த 'அவுட் ஒஃப் அவர் ட்றீ' தம் மாணவரான சொனிக்ஸின் வீறை ஆசிரியர் கற்றுக்கொண்டதைக் காட்டுகின்றது. அதன் பின்னர் காலத்தின் போக்கைப் பின்தொடர்ந்து சென்றனரேயன்றி அதற்கு முன்னே சென்றனரல்லர்.

பெரி தம் பாடலின் உரிமையில் ஒரு பகுதியை 1980களின் நடுப்பகுதியிலேயே மீட்க முடிந்தது; அதற்குள் அப்பாடல் நூற்றுக்கணக்கான முறை பிறராற் பதிவு செய்யப்பட்டுவிட்டது. அதனை வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ கீதமாக்க வேண்டுமென்ற இயக்கம் 1985இல் அரை விளையாட்டாக எழுந்து, 'லூயி லூயி' நாள் ஒன்று கொண்டாடப்பட்டதோடு அமைந்தது. பாடலை அம்மாநிலத்துக்குரியதாக்கிய குரலுக்குரிய றொபேட்ஸ் அதனைக் காணவில்லை. அவர் 1967இன் இறுதியில் கலிபோர்னியாவில் மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார். ஸ்பானிஷ் காஸில் 1968இல் இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குழுவும் கலைந்தது. எற்றிக்கெற் நிறுவனத்தின் பழைய பதிவுகளை ஓம்ஸ்பி 1980களில் மீண்டும் வெளியிடத் தொடங்கி, 2016இல் மறையும் வரை அப்பணியைத் தொடர்ந்தார்.